உரத்த ஒலியும் பழகிய செவியும்

ஓவியத்தைக் காணக் கண்ணுக்குப் பயிற்சி வேண்டும் என்றால் எவரும் ஒப்புவர். ஒலிப்பதிவைக் கேட்கக் காதுக்கும் பயிற்சி வேண்டும் என்றால் பலர் வியப்பர். கேட்பதற்கும் ஒரு பாடமா என வினவுவர். ஆம், பாடம்தான். அதன் வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

உரத்த ஒலியைத் தாழ்த்தி, அதற்கும் மெல்லொலிக்கும் உள்ள இடைவெளியைக் குறைக்கும் கருவியே கம்ப்ரெஸர். அதன் கடுமையான வடிவம் லிமிட்டர். 1930களில் வானொலி நிலையங்கள் இதனைக் கைக்கொண்டன. திடீரென எழும் பேரொலி ஒலிபரப்பின் எல்லையை மீறாதிருக்கவே இந்த ஏற்பாடு. காவலுக்கென வந்த கருவியாதலின், அது பணி செய்வது எவர் காதுக்கும் தெரியாதிருப்பதே அதன் சிறப்பாகக் கருதப்பட்டது.

1966 ஏப்ரலில் லண்டன் ஈ.எம்.ஐ. ஒலிப்பதிவுக் கூடத்தில் பீட்டில்ஸ் குழுவினரின் 'டுமாரோ நெவர் நோஸ்' பதிவானபோது இந்நிலை மாறிற்று. பொறியாளர் ஜெஃப் எமெரிக்குக்கு அப்போது வயது 20. ரிங்கோ ஸ்டாரின் பெரிய டிரம்முக்குள் கம்பளிச் சட்டையைத் திணித்து, மைக்கை வழக்கத்தினும் நெருக்கமாக வைத்து, அவ்வொலியை ஃபேர்சைல்டு லிமிட்டரில் செலுத்திக் கடுமையாக அமுக்கினார். மறைந்திருந்த கருவி இசையின் ஓர் அங்கமாயிற்று. 1971இல் வெளியான லெட் ஸெப்பெலின் குழுவின் 'வென் தி லெவி பிரேக்ஸ்' பாடலுக்கு, ஹெட்லி கிரேஞ்ச் மாளிகைக் கூடத்தில் ஜான் பான்ஹம் டிரம் முழக்கினார். பொறியாளர் ஆண்டி ஜான்ஸ் மாடிப்படியின் மேலிருந்து இரு மைக்குகளைத் தொங்கவிட்டார். அமுக்கத்தால் கூடத்தின் எதிரொலியும் அடியோடு சேர்ந்து எழுந்தது.

இதனைக் காதால் அறிவது எங்ஙனம்? மூன்று இடங்களைக் கவனித்தல் வேண்டும். முதலாவது, அடி விழும் கணம். கருவி விரைந்து பிடித்தால் கோலின் கூர்மை மழுங்கும். தாமதித்தால் கூர்மை தப்பி முன்னே நிற்கும். இரண்டாவது, அடியின் பின் தேயும் ஒலி. அது இயல்பாகத் தேயாமல் பொங்கி நிற்கும். மூன்றாவது, சிம்பல். பெரிய டிரம் அதிரும்தோறும் அது தாழ்ந்து, பின் மூச்சு வாங்குவதுபோல் எழும். பயில்வோர் முதலில் அமுக்கத்தை மிகையாக வைத்துக் கேட்டு, பின்னர் படிப்படியாகக் குறைத்துப் பழகுவர்.

இங்கே ஒரு மயக்கம் உண்டு. அமுக்கியபின் ஒலியின் அளவை உயர்த்திவிடுவது வழக்கம். சற்று உரத்தது எதுவாயினும் காதுக்கு நல்லதாகவே தோன்றும். ஆகவே இரண்டையும் ஒரே அளவில் வைத்தே ஒப்பிடல் வேண்டும். அவ்வாறு கேட்டால்தான், பெற்றது எது, இழந்தது எது என்பது விளங்கும். வாத்தியக்காரர் மெல்லத் தட்டியதற்கும் ஓங்கி அடித்ததற்கும் வேறுபாடு அற்றுப்போனால், அவர் கைத்திறனில் பாதி போயிற்று.

2008இல் மெட்டாலிக்கா குழுவின் 'டெத் மேக்னடிக்' இசைத்தட்டு வந்தபோது, அதே பாடல்கள் 'கிட்டார் ஹீரோ' விளையாட்டில் குறைந்த அமுக்கத்தோடு ஒலித்தன. இரண்டையும் ஒப்பிட்ட ரசிகர்கள், இசைத்தட்டைத் திருத்தித் தருமாறு முறையிட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் பொறியாளர் அல்லர், ஒப்பிட்டுக் கேட்டவர்களே.

உரத்துச் சொல்லப்படுவதெல்லாம் உயர்ந்ததன்று என்பதை நாம் சொல்லால் அறிவோம். காதாலும் அறிந்துகொள்வதே இப்பாடத்தின் பயன்.