பத்திப் பத்தி அணையும் அடுப்பு: ஒரு ஏலக்காய் ட்ரையரும் தெர்மோஸ்டாட்டின் கதையும்

போன நவம்பரில் ஒரு சனிக்கிழமை ராத்திரி பதினோரு மணிக்குச் சித்தப்பாவிடமிருந்து போன். "தம்பி, நீ இன்ஜினியர்தானே? இந்த ட்ரையர் பத்துது, அணையுது, மறுபடி பத்துது, மறுபடி அணையுது. உள்ள நானூறு கிலோ காய் கிடக்கு. என்னான்னு பாத்துச் சொல்லு."

நான் எழுதுவது சாஃப்ட்வேர். அடுப்பில் வைத்த பாலைப் பார்த்துக்கொள்ளச் சொன்னால்கூடப் பொங்கவிடுகிற ஆள் என்று வீட்டில் பெயர். ஆனால் போடியில் பிறந்தவனுக்கு நானூறு கிலோ பச்சை ஏலக்காய் என்றால் என்னவென்று தெரியும். தோராயமாக ஐந்து கிலோ பச்சைக் காய்க்கு ஒரு கிலோ உலர்ந்த காய். அப்படிப் பார்த்தால் எண்பது கிலோ. ஒரு எடுப்புக்கான ஆள்கூலி, உரம், மருந்து, ஜீப் வாடகை எல்லாம் அந்த எண்பது கிலோவுக்குள்தான் இருக்கிறது. பச்சை நிறம் போய்விட்டால் காய் இருக்கும், விலை இருக்காது.

நல்லவேளை, நான் அப்போது ஊரில்தான் இருந்தேன். விடியற்காலை போடிமெட்டு ஏறிப் பூப்பாறைப் பக்கம் போய்ச் சேர்ந்தேன். அன்றைக்குப் பார்த்தது ஒரு மெஷின் ரிப்பேர். ஆனால் அதற்குப் பின்னால் போனால் நானூறு வருஷக் கதை ஒன்று கிடைத்தது. இரண்டையும் கலந்தே எழுதுகிறேன்.

முதலில் ஏலக்காயை ஏன் நெருப்பு வைத்து உலர்த்த வேண்டும்? வெயிலில் காயவைத்தால் காய் உலரும்தான், பச்சை நிறம் வெளுத்துவிடும். ஒருகாலத்தில் வெளுப்பையே விரும்பி வாங்கிய சந்தையும் இருந்தது. கர்நாடகத்து ஹாவேரி, ஏலக்காயை வெளுக்கவைத்து விற்பதற்கே பேர்போன ஊர். நம் பக்கத்து மலைக் காய்க்கு மதிப்பு பச்சையில். திருவிதாங்கூர் அரசு 19ஆம் நூற்றாண்டில் ஏலக்காயைத் தன் ஏகபோகமாக வைத்திருந்தது. மலையிலிருந்து வாங்கி ஆலப்புழையில் விற்றது. ஏலச்செடி ஒன்றுகூட விளையாத அந்தக் கடற்கரை ஊரின் பெயரால்தான் இன்றைக்கும் நம் காய்க்கு 'ஆலப்பி கிரீன்' என்று கிரேடு பெயர். பிறகு அரபு நாடுகளின் காபி வந்தது. அவர்களுக்குக் காய் பச்சையாக இருக்க வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் ஏலம் போய்ச் சேர்ந்த குவாத்தமாலா, இன்று அந்தச் சந்தையில் நமக்குப் பெரிய போட்டி. நிறத்தில் கோட்டை விட்டால் வாங்குகிறவனுக்கு வேறு கடை இருக்கிறது.

அதற்காக மலையில் கட்டியதுதான் 'ஸ்டோர்'. மளிகைக் கடை இல்லை; காய் உலர்த்துகிற கட்டடத்துக்கு அங்கே அதுதான் பெயர். கனமான சுவர், உள்ளே அடுக்கடுக்காகக் கம்பிவலைத் தட்டுகள், தரையையொட்டி அறைக்குள் சுற்றிவரும் தகரப் புகைக்குழாய். அடுப்பு வெளியே. விறகின் புகை குழாய்க்குள்ளேயே ஓடிக் கூரைக்கு மேலே போய்விடும், சூடு மட்டும் அறைக்குள் இறங்கும். 45 முதல் 50 டிகிரியில் ஆரம்பித்து, காயிலிருந்து கிளம்பும் ஆவியை ஜன்னல் திறந்து வெளியேற்றி, கடைசியில் 60 டிகிரி பக்கம் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். பச்சைக் காயில் நூற்றுக்கு எண்பது பங்கு தண்ணீர். அது பத்து, பன்னிரண்டுக்கு இறங்க வேண்டும். ஒரு நாள் முழுக்க ஆகும், சில சமயம் அதற்கு மேலும். சூடு ஏறினால் காய் வெடிக்கும், மணம் போகும். இறங்கினால் காய் 'வேர்க்கும்', மஞ்சளாகும்.

இதை யார் பார்த்துக்கொள்வது? ராத்திரி முழுக்க அடுப்புக்கும் அறைக்கும் நடக்கிற ஒரு ஆள். சித்தப்பா தோட்டத்தில் அது ஒரு பெரியவர். தேவாரம் பக்கத்துக்காரர், எழுபதைத் தாண்டியவர். கட்டை ஒன்றை வைப்பார், உள்ளே போவார், தட்டில் கைவிட்டுக் காயை அள்ளிக் குலுக்கிப் பார்ப்பார், வெளியே வந்து பீடி பற்றவைப்பார். சுவரில் தெர்மாமீட்டர் தொங்கும். அவர் அதைப் பார்த்து நான் கண்டதில்லை.

இந்த நடை ஒன்றும் நம் மலைக்கு மட்டும் சொந்தமில்லை. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலம் ஒயிட்வாட்டரில் ஓர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி. அங்கே வேலை பார்த்த பேராசிரியர் வாரன் ஜான்சனுக்கு ஒரு தொல்லை: கட்டடப் பணியாளர் அடிக்கடி வகுப்புக்குள் வந்து தெர்மாமீட்டரைப் பார்ப்பார், பிறகு கீழே நிலவறைக்குப் போய் உலையின் காற்றுக்கதவைத் திறப்பார் அல்லது மூடுவார். பாடம் கெட்டது. 1883இல் ஜான்சன் ஒரு கருவிக்குக் காப்புரிமை வாங்கினார். அறையின் சூடு மாறினால் நிலவறையில் மணி அடிக்கும், அவ்வளவுதான். கதவை மூடுவது அப்போதும் அந்த மனிதர்தான்! ஏறி இறங்குகிற பாதி நடையை மட்டும் ஒரு கம்பி எடுத்துக்கொண்டது. இரண்டு வருஷம் கழித்து மினியாபொலிஸில் ஆல்பர்ட் பட்ஸ் மீதிப் பாதியையும் எடுத்தார். அறை குளிர்ந்தால் ஒரு சிறு மோட்டார் சுழன்று நிலக்கரி உலையின் காற்றுக்கதவைத் தானே தூக்கும். ஜான்சன் தொடங்கிய கம்பெனியும், பட்ஸ் தொடங்கிக் கைமாறிப் பின்னால் ஹனிவெல் ஆன கம்பெனியும் இன்றும் இருக்கின்றன.

இதற்கெல்லாம் முன்னோடி ஒருவர் உண்டு. கார்னெலிஸ் டிரெபெல், டச்சுக்காரர், நீர்மூழ்கி செய்து காட்டியதற்காக அதிகம் பேசப்படுகிறவர். 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் முட்டை பொரிக்கவைக்க ஓர் அடுப்பு செய்தார். குழாயில் சாராயமும் பாதரசமும். சூடு கூடினால் சாராயம் விரிந்து பாதரசத்தைத் தள்ளும், அது ஒரு கோலைத் தூக்கும், கோல் அடுப்பின் காற்றுவழியைச் சாத்தும். 'தெர்மோஸ்டாட்' என்ற சொல் வந்தது அதற்கு இருநூறு வருஷம் கழித்து, 1830இல் ஆண்ட்ரூ யூர் வழியாக.

மூன்று கருவிகளிலும் ஒரு பொது அம்சத்தைக் கவனியுங்கள். காற்றைச் சாத்தினால் கரி அணைவதில்லை, அடங்குகிறது. திறந்தால் மெல்ல எழுகிறது. விறகு ஸ்டோரும் அப்படித்தான். கட்டை தணலாகும், குழாய் சூட்டைப் பிடித்துவைக்கும், சுவர் அதற்கு மேல் பிடித்துவைக்கும். கேஸ் பர்னர் வேறு சாதி. சாதாரண மாடல்களில் இரண்டே நிலை: முழுத் தீ, அல்லது தீயே இல்லை. பத்திப் பத்தி அணைகிற வியாதி பெரிதாக வந்தது இந்த இரண்டு நிலை அடுப்புகளோடுதான் என்பது என் எண்ணம். பனி பெய்யும் நாடுகளில் வீட்டைச் சூடாக்கும் கேஸ் ஃபர்னஸுக்கும் இதே வியாதி உண்டு. அங்கே இதற்குப் பெயர் 'ஷார்ட் சைக்கிளிங்'. சித்தப்பாவின் ட்ரையர் உண்மையில் அந்த வீட்டு ஃபர்னஸின் மலைநாட்டுத் தம்பி. பர்னர், வெப்பமாற்றி, ஊதுகிற ஃபேன், சில காவல் சுவிட்சுகள்.

சரி, ரிப்பேருக்கு வருவோம். எனக்கு முன்னால் ஒரு மெக்கானிக் வந்து தீ உணரும் கம்பியை மாற்றிப் போயிருந்தார். அது தப்பான யோசனை இல்லை. தீயின் வழியாக மைக்ரோ ஆம்பியர் அளவு மின்சாரம் ஓடும். அது ஓடினால்தான் கன்ட்ரோல் போர்டு 'தீ இருக்கு' என்று நம்பும். கம்பியில் படிவு ஏறினால் மின்சாரம் குறையும், போர்டு பயந்து கேஸை மூடிவிடும். ஆனால் அந்தக் கோளாறில் தீ சில நொடிகளில் அணையும். இரண்டு மூன்று முறை முயன்றுவிட்டு மெஷின் மொத்தமாகப் பூட்டிக்கொள்ளும்.

எனக்குத் தெரிந்த ஒரே வித்தை லாக் எடுப்பது. ஒரு ஸ்டூலைப் போட்டு, மொபைலில் ஸ்டாப்வாட்ச் வைத்து, நோட்டில் குறித்தேன். பர்னர் எரிவது ஏறக்குறைய மூன்று நிமிஷம். அணைகிறது. ஃபேன் மட்டும் ஓடுகிறது. நான்கு நிமிஷம் கழித்து மறுபடி பற்றுகிறது. பதினொரு முறை குறித்தேன், அதே கணக்கு. வைத்திருந்த சூடு 52. அறையில் இருந்தது 44. அதாவது அறை கேட்ட சூடு வரவே இல்லை, அதற்குள் அணைகிறது. அப்படியானால் அணைப்பது தெர்மோஸ்டாட் இல்லை, தீ உணரும் கம்பியும் இல்லை. வெப்பமாற்றி அளவுக்கு மீறிக் காய்ந்தால் கேஸை நிறுத்தும் லிமிட் சுவிட்ச். அது ஏன் காய்கிறது? சூட்டை எடுத்துப்போகக் காற்று போதவில்லை.

போனில் மெக்கானிக்கிடம் சொன்னேன். "அந்த சுவிட்சை பைபாஸ் பண்ணிரலாம் சார், ரெண்டு ஒயர்தான்" என்றார். வேண்டவே வேண்டாம் என்றேன். அது காவல்காரன். அவனை வெளியே அனுப்பிவிட்டால் வெப்பமாற்றி வெடிப்பு விடும், எரிந்த வாயு காய் இருக்கும் அறைக்குள் வரும், கூடவே கார்பன் மோனாக்சைடும். வாசனை இல்லாத விஷம். ராத்திரி உள்ளே போய்த் தட்டு மாற்றுகிறவர் திரும்பி வராமல் போகலாம். இதைப் படிக்கிற யாராவது இப்படி ஒரு மெஷினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தால் இது ஒன்றையாவது மனதில் வையுங்கள். கேஸ் லைனில் கைவைப்பதும் பழகிய ஆளின் வேலை.

மெயினை அணைத்து, ஆறவிட்டு, பின்பக்கத் தகரத்தைக் கழற்றினோம். காற்று திரும்பி வரும் வலையில் காய்க் காம்பும் தூசியும் சேர்ந்து கம்பளி மாதிரி ஒட்டியிருந்தது. விரல் வைத்தால் குழிந்தது. போதாக்குறைக்கு அவசரத்தில் தட்டுகளில் காயை இரண்டு மடங்கு உயரத்துக்குக் கொட்டியிருந்தார்கள். வலையைத் துடைத்து, காயைப் பரப்பிப் போட்டு, ஓடவிட்டோம். லிமிட் சுவிட்ச் அதற்கப்புறம் வாயைத் திறக்கவில்லை.

ஆனால் கதை முடியவில்லை. சூடு 52ஐத் தொட்டதும் புதிதாக ஒரு ஆட்டம். ஒன்றரை நிமிஷம் எரிகிறது, ஒன்றரை நிமிஷம் அணைகிறது. இந்த முறை தெர்மோஸ்டாட்டேதான். செட்டிங்கில் போய்ப் பார்த்தால், அணைக்கும் சூட்டுக்கும் மறுபடி பற்றவைக்கும் சூட்டுக்கும் இடையில் வெறும் அரை டிகிரி. ரொம்பத் துல்லியம் வேண்டும் என்று யாரோ வைத்திருக்கிறார்கள். துல்லியமாக இருந்தது அந்தப் புள்ளி மட்டும்தான். கீழ்த்தட்டுக்கும் மேல்தட்டுக்கும் ஐந்து டிகிரி வித்தியாசம்.

அதுவரை வாசலில் உட்கார்ந்து எங்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் அப்போதுதான் பேசினார். "அந்த மூலையில எதுக்குப்பா அதை வச்சீங்க? அந்த மூலை எப்பவும் முந்திக்கும்." சென்சார் இருந்தது சூடான காற்று வந்து முதலில் மோதுகிற மூலையில். அறை சூடாகும் முன்பே அதற்கு மட்டும் போதும் என்றாகிவிடுகிறது. ஒயர் நீளம் இருந்தது. காற்று தட்டுகளைக் கடந்து திரும்புகிற பக்கம் சென்சாரை மாற்றினோம். அரை டிகிரியை இரண்டாக்கினேன். சாயங்காலம் எட்டு நிமிஷம் எரிந்து ஆறு நிமிஷம் அணைகிற நிலைக்கு வந்தது. சித்தப்பா ஒரு டம்ளர் கட்டன் சாயாவை என் கையில் திணித்துவிட்டு, "இதுக்கா ஒரு ராத்திரி தூக்கம் போச்சு" என்றார்.

மெஷினுக்குத் தெரிந்தது சூடு என்ற ஒரு எண் மட்டும். காயிலிருந்து முந்நூறு கிலோவுக்கு மேல் தண்ணீர் வெளியேற வேண்டும் என்பது அதற்குத் தெரியாது. முதல் ராத்திரி அத்தனை தடவை அணைந்து எரிந்ததில் ஆவி மேல்தட்டில் குளிர்ந்து சொட்டியிருக்கிறது. அந்த மூன்று தட்டுக் காயும் மஞ்சள். போடி ஏலத்துக்கு அந்த லாட் தனியாகத்தான் போனது, கிடைத்ததும் தனி விலைதான். 2019 ஆகஸ்டில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்ட காய் இது. அந்த மாதிரி ஒரு வருஷத்தில் இப்படி ஒரு ராத்திரி அமைந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சித்தப்பா இன்னும் கணக்குப் போடுகிறார்.

பெரியவருக்கு இப்போது ராத்திரி வேலை இல்லை. பகலில் காய் பொறுக்குகிற இடத்தில் உட்காருகிறார். கூலி குறைவு. சித்தப்பாவைக் குறை சொல்லவும் முடியவில்லை. விறகுக்கு மலையில் மரம் வெட்டுவது லேசான காரியம் இல்லை, ராத்திரி கண்விழிக்க இளவட்டம் யாரும் வருவதில்லை. பழைய ஸ்டோரில் உரமூட்டை அடுக்கியிருக்கிறார்கள். புகைக்குழாயை மட்டும் இரும்புக்கடைக்குப் போடவில்லை. "மழையில மெட்டு ரோடு சரிஞ்சு சிலிண்டர் வண்டி வரலைன்னா?" என்கிறார் சித்தப்பா.

நான் பெரியவரிடம் காயைக் குலுக்கும்போது என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டேன். "சத்தம்" என்றார். ஈரம் இருந்தால் விதை தோலோடு ஒட்டியிருக்கும், காய்ந்தால் உள்ளே உருளும். அடுத்த எடுப்புக்குள் ஈரப்பதம் அளக்கும் சென்சார் இரண்டு வாங்கி மேல்தட்டிலும் கீழ்த்தட்டிலும் வைத்து, ராத்திரி முழுக்கப் பதிவு எடுக்கப்போகிறேன். பக்கத்தில் பெரியவரையும் உட்காரவைத்து, அவர் 'போதும்' என்கிற நேரத்தையும் அதே நோட்டில் குறிப்பதாக ஏற்பாடு. அந்த ராத்திரிக்குப் பழைய கூலி தருவதாகச் சித்தப்பா ஒத்துக்கொண்டிருக்கிறார்.