காயலான் கடைக்குப் போகவிருந்த நாலு கதவும், ஒரு பிளாஸ்டிக் காரும்

போன ஞாயித்துக்கிழமை மத்தியானம் நண்பன்கிட்ட இருந்து போன். "பட்டறைக்கு வாடா, ஒண்ணு காட்டணும்"னான். ஓசூர்ல இருந்து பெங்களூர் போற வழியில ஜூஜூவாடி, அதைத் தாண்டினா அத்திப்பள்ளி, கர்நாடகா. அந்த எல்லையை ஒட்டி இருக்கிற ஒரு டிங்கரிங் பட்டறைதான் இடம். உள்ள போனா, அவனோட பழைய பிரீமியர் பத்மினி கதவே இல்லாம நிக்குது. நாலு கதவையும் கழற்றி சுவத்துல சாய்ச்சு வெச்சிருக்காங்க.

பயல் அதை ட்ராக்ல ஓட்டற வண்டியா மாத்தப் போறானாம். கதவெல்லாம் பைபர். ஜன்னலுக்குக் கண்ணாடி கிடையாது, பாலிகார்பனேட். "பழைய கதவை என்னடா பண்ணுவே?"ன்னு கேட்டேன். பட்டறை அண்ணன் முந்திக்கிட்டு, "காயலான் கடைக்குத்தான் தம்பி, இடத்தை அடைச்சுக்கிட்டு எதுக்கு"ன்னார். அங்கேயே ஒரு வாக்குவாதம் ஆரம்பிச்சுது. அதுல நான் சொன்னதும், சொல்ல நினைச்சு விட்டதும்தான் இந்தப் பதிவு. மெக்கானிக்கல் படிச்சிட்டு பொட்டி தட்டறவன் வேற எங்க போய்ப் புலம்புறது :-)

முதல்ல, கதவைக் கழற்றினா வேகம் வருமா? வரும். பத்மினியோட எடை சுமார் 895 கிலோ, இன்ஜின் சுமார் 40 குதிரைத்திறன். அதாவது ஒரு குதிரை 22 கிலோவை இழுக்கணும். குதிரையைக் கூட்டணும்னா காசும் பாகமும் வேணும். எடையைக் குறைக்க ஸ்பேனரே போதும். எடை குறைஞ்சா வேகம் எடுக்கறது மட்டுமில்ல, பிரேக் பிடிக்கறதும் வளைவுல திரும்பறதும்கூட நல்லா இருக்கும்.

கண்ணாடிக் கணக்கு ரொம்ப சுலபம். 4 மில்லிமீட்டர் கண்ணாடி ஒரு சதுர மீட்டர் 10 கிலோ. 3 மில்லிமீட்டர் பாலிகார்பனேட் 3.6 கிலோதான். அதோட கண்ணாடியை ஏத்தி இறக்கற கைப்பிடி, அதுக்கான இரும்புச் சட்டம், உள்பக்க அட்டை எல்லாமே போயிடும். ஜன்னல் இருக்கறது வண்டியோட மேல்பாதியில. அதனால அங்க குறையற ஒவ்வொரு கிலோவும் வண்டியோட ஈர்ப்பு மையத்தையும் கொஞ்சம் கீழ கொண்டு வரும்.

பெரிய கம்பெனிகளே செஞ்ச வேலைதான் இது. 1972-ல வந்த பிஎம்டபிள்யூ 3.0 சிஎஸ்எல் காரோட பேர்ல இருக்கிற 'எல்', 'லைக்ட்'ங்கற ஜெர்மன் சொல்லோட முதல் எழுத்து. அர்த்தம், இலேசானது. அதுல கதவு, பானட், டிக்கி மூடி எல்லாம் அலுமினியம். 1973 மாடல் போர்ஷே 911 கரேரா ஆர்எஸ்ஸோட இலேசான வகையில மெல்லிசான தகடு, மெல்லிசான கண்ணாடி. கதவு திறக்க கைப்பிடிக்குப் பதிலா ஒரு பட்டை!

சரி, நம்ம ஊர்ல? இங்க அது ஆடம்பரமில்ல, வேற வழியே கிடையாது. லைசென்ஸ் ராஜ்ஜியத்துல இந்தியால கிடைச்ச கார்களை ஒரு கை விரல்ல எண்ணிடலாம். அம்பாசிடர், பியட், மெட்ராஸ்ல தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். வெளிநாட்டுல இருந்து வண்டியோ பாகமோ வரவழைக்கறது பெரும்பாடு. மெட்ராஸுக்கு வடக்க சோழவரத்துல, இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளத்துல ரேஸ் நடந்துச்சு. அங்க வந்து நின்னதுல நிறைய, இதே குடும்ப வண்டிகளோட மாத்தி அமைச்ச வடிவங்கள்தான். புது இன்ஜின் வாங்க முடியாதவன் என்ன செய்வான்? இருக்கறதுல எதைத் தூக்கி எறியலாம்னு பார்ப்பான்.

இங்கதான் நம்ம கதாநாயகன் வர்றார், எல்லைக்கு அந்தப் பக்கத்துல இருந்து.

1970-80கள்ல எல்லைக்கு இந்தப் பக்கம் ஓசூர் சிப்காட் வளர்ந்துக்கிட்டிருந்தது. 1980-ல அசோக் லேலண்ட் இங்க தொழிற்சாலை திறந்தாங்க, அதே வருஷம் டிவிஎஸ் 50 வந்தது. ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தள்ளி, பெங்களூர்ல சிபானி குழுமம். முதல்ல பாதல்னு மூணு சக்கரக் கார் செஞ்சாங்க. அப்புறம் 1982-ல டால்ஃபின். இங்கிலாந்தோட ரிலையன்ட் கம்பெனி 1975-ல கொண்டுவந்த கிட்டன் காரோட இந்திய வடிவம் அது. அடியில இரும்புச் சேஸிஸ், மேல முழுக்க பைபர் உடம்பு. 848 சிசி அலுமினிய இன்ஜின், சுமார் 40 குதிரைத்திறன். கிட்டனோட எடை 500 கிலோவை ஒட்டித்தான். மேல போட்ட கணக்கைத் திரும்பப் போடுங்க. ஒரு குதிரைக்கு சுமார் 13 கிலோ!

என் நண்பன் பட்டறையில காசு கொடுத்து செஞ்சுக்கற பைபர் கதவு, அந்தக் கார்ல கம்பெனியிலயே வந்துச்சு. ஆனா ஊர் என்ன சொல்லுச்சு? "பிளாஸ்டிக் கார்." தட்டிப் பார்த்தா 'ணங்'னு சத்தம் வரணும் நமக்கு, அதுதான் கார். துருப்பிடிக்காதுன்னு சொன்னாலும் எடுபடலை.

இது நம்ம ஊர் குணம் மட்டுமில்லைங்க. இதே ரிலையன்ட் உதவியோட இஸ்ரேல்ல சுசிதான்னு ஒரு பைபர் கார் வந்துச்சு. ஒட்டகம் அதைத் தின்னுடும்னு அங்க கிண்டல். துருக்கியில 1966-ல அனடோல். அதை மாடு மென்னுடும்னாங்க. மூணு நாடு, ஒரே அவமானம்!

ஆனா ரேஸ், ராலி ஆளுங்க தட்டிப் பார்க்கலை, தூக்கிப் பார்த்தாங்க. இலேசா இருக்கறதாலயே டால்ஃபின் அவங்களுக்குப் பிடிச்சுப்போச்சு. சந்தையில மட்டும் அதுக்கு நேரம் சரியில்லை. 1983 டிசம்பர்ல மாருதி 800 வந்துச்சு. நாலு கதவு, ஜப்பான் தரம், மத்திய அரசோட ஆதரவு. ரெண்டு கதவு டால்ஃபின் என்ன செய்யும்? நாலு கதவு வெச்சு மோன்டானான்னு ஒண்ணு கொண்டுவந்தும் பிழைக்கலை.

பைபர் மட்டும் ட்ராக்கை விட்டுப் போகலை. கோயம்புத்தூர் கரிவர்தன் 1980களோட கடைசியில ஃபார்முலா மாருதின்னு ஒத்தை இருக்கை ரேஸ் கார் செஞ்சார். மாருதி 800 இன்ஜின், மேல பைபர் உடம்பு. 1990-ல ரேஸ் சோழவரத்துல இருந்து இருங்காட்டுக்கோட்டைக்கு மாறுச்சு. அந்த ஃபார்முலா மாருதியில பழகின நரேன் கார்த்திகேயன் 2005-ல ஃபார்முலா ஒன் போனார். அதைப் பார்க்க கரிவர்தன் இல்லை, 1995-லயே இறந்துட்டார்.

இதுல ஒரு எச்சரிக்கையும் இருக்கு. கதவு வெறும் எடையில்ல. பக்கவாட்டுல எவனாவது வந்து இடிச்சா நமக்கும் அவனுக்கும் நடுவுல இருக்கறது அது ஒண்ணுதான். பைபர் கதவு போட்டா உள்ள உருப்படியான ரோல் கேஜ், கதவுக்குக் குறுக்க கம்பி கட்டாயம். முன் கண்ணாடி ஒட்டுக் கண்ணாடியாவே இருக்கட்டும். பாலிகார்பனேட்ல வைப்பர் ஓடினா கீறல் விழுந்து வெயில்ல ஒண்ணும் தெரியாது. இப்படி மாத்தின வண்டி ட்ராக்குக்கு மட்டும்தான், ரோட்டுக்கு இல்லை.

இப்ப சுவத்துல சாய்ஞ்சிருந்த நாலு கதவுக்கு வர்றேன். பத்மினி உற்பத்தி 2000 வாக்கிலயே நின்னுபோச்சு. அந்தக் கதவை இனி யாரும் செய்யப்போறதில்லை. டால்ஃபின் இன்னிக்கு கண்ணுல படறதே அபூர்வம். பிடிக்காதவன் காயலான் கடைக்குப் போட்டான். பிடிச்சவன் ரேஸுக்காக வெட்டி எறிஞ்சான். ரெண்டு பேரும் சேர்ந்துதான் அதை இல்லாம பண்ணினாங்க. வெறுப்புக்கு ஆகற சேதம் ஆசைக்கும் ஆகும்.

இதைத்தான் நண்பன்கிட்ட சொன்னேன். "இலேசாக்கு, வேணாம்னு சொல்லலை. ஆனா நாளைக்கு ஒருத்தன் திரும்ப மாட்டணும்னா கதவு இருக்கணும்." கொஞ்ச நேரம் முறைச்சான். அப்புறம் ஒரு பழைய தார்ப்பாயைத் தேடி எடுத்தான். கீல், பூட்டு, கைப்பிடி எல்லாத்தையும் பையில போட்டு அந்தந்தக் கதவுலயே கட்டினோம். பரண் மேல ஏத்தறதுக்கு ரெண்டு பேரும் சேர்ந்து மூச்சு வாங்கினோம்.

"இவ்ளோ கனமா இருக்கேடா"ன்னான்.

அதுக்குத்தானே இத்தனை கதையும் :-)