முதல் ஊசிக்கு முன்னே



புற்றுநோய் கண்ட ஒருவருக்கு முதன்முறையாக மருந்தை ஊசி வழியாகவோ, சொட்டுச் சொட்டாகவோ உடலில் ஏற்றுவதற்கு முன் மருத்துவமனையில் பல ஆயத்தங்கள் நடைபெறுகின்றன. எடை பார்க்கிறார்கள், உயரம் அளக்கிறார்கள், இரத்தம் எடுத்துச் சோதிக்கிறார்கள், கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து நல்ல சிரை ஒன்றைத் தேடுகிறார்கள். பெயரைக் கேட்டவர்கள் சற்று நேரங்கழித்து மறுபடியும் பெயரைக் கேட்கிறார்கள். ஓர் ஊசிக்கு இத்தனை சடங்கா என்று வீட்டார் மலைப்பதுண்டு. மலைப்பு அச்சமாக மாறுவதும் உண்டு. இவை சடங்குகள் அல்ல. இவற்றுள் பெரும்பாலானவை முன்னே சென்ற நோயாளிகள் பட்ட துன்பத்திலிருந்து கற்றுக்கொள்ளப்பட்டவை. உங்களுள் சிலருடைய இல்லத்தில் அன்னையோ பாட்டனாரோ இப்போதே அந்த நாளை எதிர்நோக்கியிருக்கவும் கூடும். ஆதலால் அந்த வரலாற்றில் ஒரு பகுதியைச் சொல்கிறேன்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், நியூ ஹேவன் என்னும் நகரில் யேல் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1942ஆம் ஆண்டில், இரண்டாம் உலகப் போர் உச்சத்தில் இருந்தபோது, அங்கே லூயி குட்மன், ஆல்பிரட் கில்மன் என்ற இருவர் அரசாங்கத்துக்காக இரகசிய ஆராய்ச்சி ஒன்றை நடத்தி வந்தனர். அவர்கள் ஆராய்ந்த பொருள் மருந்தன்று, போர்க்களத்து நஞ்சு. 1917இல் ஈப்பர் நகரருகே ஜெர்மானியர் வீசிய கடுகு வாயுவின் வழிவந்த நைட்ரஜன் கடுகு என்பது அதன் பெயர். (நம் அடுக்களைக் கடுகுக்கும் இதற்கும் மணத்தைத் தவிர வேறு உறவில்லை.) அவ்வாயுவால் தாக்குண்டவர்களின் இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் பெரிதும் குறைந்திருந்ததை 1919இலேயே மருத்துவர்கள் எழுதி வைத்திருந்தனர். ஆனால் அக்குறிப்பினின்று மருந்தொன்று பிறக்கக்கூடுமென்று எவரும் எண்ணவில்லை.

குட்மனும் கில்மனும் எண்ணினர். வெள்ளை அணுக்களை இந்நஞ்சு அழிக்குமானால், அவ்வணுக்களின் இனத்தைச் சேர்ந்த நிணநீர்ப் புற்றையும் அது அழிக்கக்கூடுமன்றோ? தாமஸ் டஹர்ட்டி என்னும் உடற்கூற்றியல் அறிஞரின் துணையுடன், அத்தகைய கட்டி வளர்ந்த சுண்டெலி ஒன்றுக்கு ஊசி போட்டனர். கட்டி கரைந்தது. மூன்று வாரங்களில் மடிந்திருக்க வேண்டிய எலி 84 நாட்கள் வாழ்ந்தது. பின்னர்ச் சோதித்த எலிகளில் இவ்வளவு நல்ல பலன் கிட்டவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். முதல் எலி வேறாக இருந்திருந்தால் இக்கதையே வேறாகியிருக்கும்.

எலிக்குப் பின் மனிதன். மருத்துவ ஏடுகளில் அவரை ஜே.டி. என்ற இரண்டெழுத்துகளால் மட்டும் குறிப்பர். போலந்து நாட்டினின்று குடிபெயர்ந்து வந்தவர், குண்டு தாங்கிகள் செய்யும் தொழிற்சாலையில் உழைத்தவர், வயது 48. கழுத்திலும் அக்குளிலும் பெருத்த கட்டிகளால் உணவை விழுங்க இயலவில்லை, உறங்க இயலவில்லை, கைகளை மார்பின்மீது கட்டிக்கொள்ளவும் இயலவில்லை. எக்ஸ் கதிர் சிகிச்சை முதலில் பயன் தந்து, பின் பயனற்றுப் போயிற்று. அறுவை மருத்துவர் குஸ்டாவ் லிண்ட்ஸ்காக் புதுமருந்தைத் தருவதற்கு இசைந்தார். 1942 ஆகஸ்டு 27ஆம் நாள் காலை 10 மணிக்கு முதல் ஊசி செலுத்தப்பட்டது. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.1 மில்லிகிராம், நாளுக்கு ஒன்றாகப் பத்து ஊசிகள்.

சில நாட்களிலேயே அவர் விழுங்கினார், உறங்கினார், கட்டிகள் தணிந்தன. ஆயினும் அளவு மிகுந்துவிட்டது. பின்னாளில் அதே குடும்பத்து மருந்துக்கு நடைமுறையில் வந்த அளவு, ஒரு சுற்றுக்குக் கிலோவுக்கு மொத்தம் 0.4 மில்லிகிராம்தான். ஜே.டி. பெற்றதோ ஏறத்தாழ ஒரு மில்லிகிராம். இரத்த அணுக்களை உண்டாக்கும் எலும்பு மஜ்ஜை பழுதுற்றது. ஈறுகளில் இரத்தம் கசிந்தது. பிறருடைய இரத்தத்தை ஏற்ற வேண்டியதாயிற்று. கட்டிகளும் திரும்பின. மேலும் இரு சுற்றுகள் மருந்து தந்தும், 96ஆம் நாளாகிய டிசம்பர் 1 அன்று அவர் இறந்தார்.

இப்போது எடை பார்க்கும் கருவியை மீண்டும் நோக்குங்கள். சாதாரண மருந்தில் ஒரு மாத்திரை கூடினால் பெருந்தீங்கு நேர்வது அரிது. இம்மருந்துகளிலோ நோயை அழிக்கும் அளவுக்கும் உடலை அழிக்கும் அளவுக்கும் இடைவெளி குறுகியது. 1958இல் டொனால்ட் பிங்கல் என்னும் குழந்தை மருத்துவர், எடையை மட்டுமன்றி உயரத்தையும் சேர்த்து உடற்பரப்பைக் கணக்கிட்டு அளவை வகுப்பது பொருத்தமென்று எடுத்துக்காட்டினார். அளவுகோலில் நிற்கச் சொல்வது அதனால்தான். இரத்தப் பரிசோதனையும் அவ்வாறே. விரைந்து பெருகும் அணுக்களையே பல மருந்துகள் தாக்குகின்றன. புற்றணுவும் விரைந்து பெருகுவது, மஜ்ஜையும் விரைந்து பெருகுவது. ஊசி போட்டு ஒன்றிரண்டு வாரங்களில் வெள்ளை அணுக்கள் மிகத் தாழ்ந்து, பின் மெல்ல ஏறுகின்றன. அந்நாட்களில் 100.4 டிகிரி பாரன்ஹீட் காய்ச்சல் கண்டால், நள்ளிரவாயினும் மருத்துவமனைக்கு அறிவிக்க வேண்டும். கஷாயம் வைத்துக் குடித்துவிட்டு விடியட்டும் என்று காத்திருத்தல் ஆகாது. ஆகவே முதல் ஊசிக்கு முன்பே வீட்டில் ஒரு வெப்பமானி வாங்கி வைப்பது நன்று. உட்கொண்டு வரும் நாட்டு மருந்து, சூரணம் ஆகியவற்றையும் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

இனிச் சிரையைப் பற்றி. பேச்சு வழக்கில் நாம் இதனை நரம்பு என்கிறோம். உண்மையில் இது இரத்தக் குழாய். நைட்ரஜன் கடுகு கரைத்த சில நிமிடங்களுக்குள் செலுத்தப்பட வேண்டிய மருந்து. சிரைக்கு வெளியே கசிந்தால் தசையைப் புண்ணாக்கிவிடும். ஆதலால் உப்பு நீர் தடையின்றி ஓடிக்கொண்டிருக்கும் குழாயினுள் அதனைச் செலுத்தும் வழியைக் கண்டனர். இன்றும் மருந்துக்கு முன்னர் வெறும் உப்பு நீரை ஓடவிட்டுப் பார்ப்பதன் காரணம் இதுவே. ஊசி குத்திய இடத்தில் எரிச்சலோ வீக்கமோ தோன்றினால் அக்கணமே செவிலியரிடம் சொல்ல வேண்டும். பொறுமை எல்லா இடத்திலும் நற்குணமன்று. செவிலியருக்குத் தொந்தரவு கொடுக்கலாகாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருக்கும் நம் முதியோருக்கு இதனை முன்கூட்டியே எடுத்துச் சொல்லுங்கள்.

வாந்தியே மக்கள் மிகுதியும் அஞ்சுவது. அந்த அச்சம் பழைய அனுபவத்தால் விளைந்தது, பொய்யன்று. சென்ற நூற்றாண்டின் இடைப்பகுதியிலும் அதற்குப் பின்னும் நோயாளிகள் மிகவும் வாடினர். சிலருக்கு ஊசி போடுமுன்னரே, மருத்துவமனையின் மணம் பட்ட மாத்திரத்தில் குமட்டல் எழுந்தது. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பாவ்லாவின் நாயைப் பற்றிப் படித்தவர்களுக்கு இதன் காரணம் எளிதில் விளங்கும்: மணியோசைக்கு நாயின் வாயில் நீர் ஊறக் கற்றுக்கொண்டதுபோல், உடல் குமட்டலைக் கற்றுக்கொள்கிறது. முதல் சுற்றிலேயே வாந்தியைத் தடுத்துவிட்டால் உடல் அந்தப் பாடத்தைக் கற்க வாய்ப்புக் குறைவு. 1991இல் ஆண்டான்செட்ரான் என்னும் மருந்து அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றபின் இது பெரிதும் கைகூடிற்று. வாந்தி வந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று அம்மாத்திரைகளை ஒதுக்கி வைப்பது, தேர்வு முடிந்தபின் படிக்கத் தொடங்குவதை ஒக்கும்.

பெயரைத் திரும்பத் திரும்பக் கேட்பதற்கும் கதையுண்டு. நம் தோட்டங்களில் பூக்கும் நித்தியகல்யாணிச் செடியினின்று எடுக்கப்படுவது வின்கிறிஸ்டின். சிரையில் செலுத்தினால் இரத்தப் புற்றுக்கு நல்ல மருந்து; தவறித் தண்டுவட நீரில் செலுத்தினால் உயிரைக் கொல்லும். இத்தவறு பல நாடுகளில் நிகழ்ந்து உயிர்கள் போயிருக்கின்றன. 2007இல் உலக சுகாதார நிறுவனம் இதுபற்றி எச்சரிக்கை விடுத்து, அம்மருந்தைச் சிறு பைகளில் நீர்த்த வடிவில் தரும்படி கூறிற்று. இருவர் சேர்ந்து பெயரையும் மருந்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பதைக் கண்டு எவரும் சினங்கொள்ளலாகாது.

யேல் ஆராய்ச்சியின் முடிவுகள் போர் முடிந்தபின், 1946இல்தான் வெளிவந்தன. ஜே.டி.யின் மருத்துவமனைக் குறிப்பேடு நெடுங்காலம் எவர் கண்ணிலும் படாமல் கிடந்தது. ஜான் பென், ராபர்ட் உடெல்ஸ்மன் என்ற இரு யேல் மருத்துவர்கள் அதனைத் தேடிக் கண்டெடுத்து 2011இல் எழுதினர். போர்க்கால இரகசியத்தின் பொருட்டு, அதில் மருந்தின் பெயர் எழுத வேண்டிய இடத்தில் எக்ஸ் என்ற ஓரெழுத்தே எழுதப்பட்டிருந்தது. 1947இல் நூரெம்பர்க் நெறிகளும் 1964இல் ஹெல்சிங்கி அறிக்கையும், ஆராய்ச்சிக்கு உட்படும் மனிதன் அறிந்து இசைவளிக்க வேண்டும் என்று வகுத்தன. இன்று முதல் ஊசிக்கு முன்னர்க் கையொப்பத்துக்காக நீட்டப்படும் தாளில் மருந்தின் பெயர் இருக்கும். தொங்கும் பையின்மேல் ஒட்டிய சீட்டிலும் அதே பெயர் இருக்கும். பாட்டனாருக்குக் கண் மங்கலாயின், உடன் செல்லும் பேரன் அதனைப் படித்துச் சொல்லலாம். புரியாத சொல்லை மருத்துவரிடம் கேட்டுப் பொருள் சொல்லலாம்.