பெட்டியில் வந்த கார்: லோட்டஸ் செவனின் கதை

நம் அடித்தளத்தில் நிற்கும் கார்களில் பெரும்பாலானவற்றின் பானட்டைத் திறப்பது சர்வீஸ் சென்டர் ஊழியர்தான். வாஷர் தண்ணீர் ஊற்றும் மூடியைத் தவிர வேறெதையும் தொட வேண்டாம் என்று சொல்வதுபோலவே இன்றைய கார்கள் வருகின்றன. இதற்கு நேர் எதிரான ஒரு பழக்கம் பிரிட்டனில் எழுபது ஆண்டுகளாக இருந்துவருகிறது. அங்கே ஒரு சாரார் காரைப் பாகம் பாகமாகப் பெட்டிகளில் வாங்கி, வீட்டுக் கார் கொட்டகையில் தாங்களே பூட்டி, ஞாயிறு காலையில் கூட்டமாகச் சேர்ந்து ஓட்டிப் போகிறார்கள். இதற்கு 'கிட் கார்' என்று பெயர். அவற்றில் மிகவும் பேர்பெற்ற லோட்டஸ் செவனின் வரலாற்றை இந்த இதழில் பார்ப்போம். இன்று பொழுதுபோக்காகத் தெரியும் இந்தப் பழக்கம் தொடங்கியது பொழுதுபோக்குக்காக அல்ல, வரியை மிச்சப்படுத்துவதற்காக.

கொட்டகையில் ஒரு தொடக்கம்

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் கட்டுமானப் பொறியியல் படித்தவர் காலின் சாப்மன். 1948இல், தன் தோழி ஹேசலின் பெற்றோர் வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகையில், பழைய ஆஸ்டின் செவன் கார் ஒன்றைப் பிரித்துப் போட்டு, அதன் மேல் தானே ஒரு உடலைக் கட்டினார். 1922 முதல் 1939 வரை தயாரான ஆஸ்டின் செவன், பிரிட்டிஷ் நடுத்தரக் குடும்பங்களின் முதல் கார். போருக்குப் பிறகு பழைய விலைக்குத் தாராளமாகக் கிடைத்தது. அந்தக் காரை வைத்தே பந்தயம் ஓட்டியவர்களின் '750 மோட்டார் கிளப்'பில் சாப்மனும் சேர்ந்தார்.

படிப்பு முடிந்து சில காலம் அலுமினிய நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தார். கட்டடப் பொறியாளருக்கே உரிய கணக்கு ஒன்று அவர் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. எஞ்சினின் சக்தியைக் கூட்டினால் நேரான சாலையில் வேகம் கூடும். எடையைக் குறைத்தால் வளைவிலும் பிரேக்கிலும் ஏற்றத்திலும் எல்லா இடத்திலும் லாபம். 1952இல் ஹேசல் கடனாகத் தந்த 25 பவுண்டுடன் லோட்டஸ் நிறுவனம் தொடங்கியது. இடம், வட லண்டனின் ஹார்ன்ஸி பகுதியில் சாப்மனின் தந்தை நடத்திய ரயில்வே ஹோட்டலுக்குப் பின்னால் இருந்த பழைய குதிரை லாயம்.

அந்த ஆண்டே வந்த 'மார்க் 6' என்ற மாடலை முழுக் காராக விற்கவில்லை. மெல்லிய இரும்புக் குழாய்களைப் பற்றவைத்துச் செய்த கூடும், அதைப் போர்த்தும் அலுமினியத் தகடுகளும் லோட்டஸ் தரும். எஞ்சின், ஆக்சில் போன்றவற்றைப் பழைய ஃபோர்டு காரிலிருந்து வாடிக்கையாளரே கழற்றிக்கொண்டு வரலாம். சுமார் நூறு பேர் இப்படி வாங்கினார்கள்.

வரி காட்டிய வழி

இவ்வளவு சிரமப்பட்டு ஏன் வாங்கினார்கள்? பிரிட்டன் 1940இல், போர்க்காலத்தில், 'பர்ச்சேஸ் டாக்ஸ்' என்ற கொள்முதல் வரியைக் கொண்டுவந்தது. போர் முடிந்தும் அது போகவில்லை. செவன் அறிமுகமான 1957இல் புதுக் காரின் மொத்த வியாபார விலையில் 60 சதவீதம் வரி. ஆனால் வரி முழுதாக உருவான காருக்குத்தான். பாகங்களாக வாங்கி, கூலி கொடுத்து மெக்கானிக்கை வைக்காமல் சொந்தக் கையால் பூட்டினால் அந்த வரி கிடையாது.

1957 அக்டோபரில் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் மோட்டார் கண்காட்சி நடந்தபோது அறிமுகமான லோட்டஸ் செவன், இந்தச் சலுகைக்காகவே அளந்து செய்ததுபோல இருந்தது. கதவு இல்லை, கூரை இல்லை. முன்சக்கரங்கள் உடலுக்கு வெளியே தனியாக நின்றன. 1172 சிசி ஃபோர்டு எஞ்சின், சுமார் 40 குதிரைத்திறன். காரின் எடை 500 கிலோவுக்கும் குறைவு என்பதால் அந்தச் சின்ன எஞ்சினே பெரிய கார்களுக்கு ஈடுகொடுத்தது.

சட்டத்தில் இன்னொரு நிபந்தனையும் இருந்தது. பாகங்களோடு 'இதை இப்படிப் பூட்டு' என்ற செய்முறைக் குறிப்பைத் தரக்கூடாது. தந்தால் அது முழுக் காராகக் கருதப்படும். லோட்டஸ் இதற்குக் கண்ட வழியை அந்தக் கார்ப் பிரியர்கள் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள். காரைப் பூட்டும் குறிப்புக்குப் பதிலாக, காரைக் கழற்றும் குறிப்பைத் தந்தார்களாம். வாங்கியவர் அதைக் கடைசி வரியிலிருந்து முதல் வரிக்குப் படித்துக்கொள்ள வேண்டியதுதான்!

இந்தச் சலுகையில் வளர்ந்தது லோட்டஸ் மட்டும் அல்ல. ஜினெட்டா, மார்கோஸ், டிவிஆர் போன்ற சிறு பட்டறைகளும் கிட் விற்றன. சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஸ்போர்ட்ஸ் கார் வாங்க நினைத்த இளைஞனுக்கு அப்போது பணத்துக்குப் பதிலாகக் கொடுக்க உழைப்பு இருந்தது. வார இறுதிகளைக் கொடுத்து வரியை மிச்சம் பிடித்தான்.

நின்றுபோக வேண்டிய கார்

1967இல் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் வந்த 'தி பிரிசனர்' தொடரின் தொடக்கக் காட்சியில், நாயகன் பேட்ரிக் மெக்கூஹன் லோட்டஸ் செவனில்தான் சீறி வருவார். கார் வீட்டுக்கு வீடு தெரிந்த முகமானது. ஆனால் அதைப் பெற்ற லோட்டஸுக்கோ அதன் மேல் ஆசை குறைந்துகொண்டிருந்தது. ஃபார்முலா ஒன் பந்தயங்களில் உலகப் பட்டம் வென்ற நிறுவனம், வசதியான விலை உயர்ந்த கார்களை நோக்கி நகர்ந்தது. நான்கு தலைமுறை மாடல்களிலும் சேர்த்துச் சுமார் 2,500 செவன்களோடு கணக்கு முடியும் நிலை வந்தது.

1973 ஏப்ரல் 1ஆம் தேதி கொள்முதல் வரி ஒழிந்து, அதன் இடத்தில் மதிப்புக் கூட்டு வரி வந்தது. பாகமாக வாங்கினாலும் முழுதாக வாங்கினாலும் வரி உண்டு. கிட் கார் பிறந்த காரணமே ஒரே நாளில் இல்லாமல் போயிற்று. நியாயமாகப் பார்த்தால் இந்தக் கதை இங்கே முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. லண்டனுக்குத் தெற்கே கேட்டர்ஹாம் என்ற ஊரில் செவன்களை விற்றுவந்தவர் கிரஹாம் நியர்ன். 'தி பிரிசனர்' தொடரின் கடைசிப் பகுதியில் காரைக் கொண்டுவந்து ஒப்படைப்பவராகத் தலைகாட்டியவரும் அவர்தான். அதே 1973இல், செவனைத் தயாரிக்கும் உரிமையை லோட்டஸிடமிருந்து அவர் வாங்கினார். முதலில், கடைசியாக வந்த ஃபைபர் கிளாஸ் உடல் கொண்ட நான்காம் மாடலைச் செய்தார். வாடிக்கையாளர்களின் மனமோ அலுமினிய உடல் கொண்ட மூன்றாம் மாடலில்தான் இருந்தது. 1974இல் அதற்கே திரும்பினார். அரை நூற்றாண்டு கடந்தும், கேட்டர்ஹாம் பெயரில் அதே வடிவக் கார் இன்றும் கிட்டாகவும் முழுதாகவும் விற்பனையாகிறது. நிறுவனம் பல கை மாறி, 2021 முதல் ஒரு ஜப்பானியக் குழுமத்தின் வசம் இருக்கிறது.

வரிச்சலுகை போன பிறகும் பெட்டியில் கார் வாங்க ஆள் இருந்தது. காரணம், வரிக்காகக் கட்டத் தொடங்கியவர்களுக்கு அதற்குள் வேறொன்று கைக்கு வந்திருந்தது. தன் காரின் ஒவ்வொரு நட்டும் எங்கே இருக்கிறது, ஏன் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். வண்டி நின்றால் யாரையும் எதிர்பார்க்க வேண்டாம். அதை விட்டுக்கொடுக்க அவர்கள் தயாராக இல்லை.

250 பவுண்டு புத்தகம்

1996இல் ரான் சாம்பியன் என்பவர், வெறும் 250 பவுண்டில் சொந்தமாக ஸ்போர்ட்ஸ் கார் கட்டுவது எப்படி என்று ஒரு புத்தகம் எழுதினார். செவன் போன்ற ஒரு கூட்டை எந்த அளவுக் குழாயில், எந்த நீளத்தில் வெட்டி, எப்படிப் பற்றவைப்பது என்று படம் போட்டு விளக்கியது அது. எஞ்சினும் கியர்பாக்ஸும் ஓடித் தேய்ந்த ஃபோர்டு எஸ்கார்ட்டிலிருந்து வரும். இப்படிப் பிறந்த கார்களுக்கு 'லோகாஸ்ட்' என்று பெயர் வந்தது. சாப்மன் ஒருகாலத்தில் சேர்ந்திருந்த அதே 750 மோட்டார் கிளப் இவற்றுக்குத் தனிப் பந்தயமே நடத்தியது.

வீட்டில் செய்த காரைச் சாலையில் விடலாமா என்று உங்களுக்குத் தோன்றலாம். 1998இல் அங்கே இத்தகைய கார்களுக்குத் தனித்தனிச் சோதனை கட்டாயமானது. 2009இல் அதன் இடத்தில் 'ஐவிஏ' என்ற இன்னும் கடுமையான சோதனை வந்தது. பிரேக், புகை, சத்தம், சீட் பெல்ட், கண்ணாடி எல்லாம் பார்ப்பார்கள். பாதசாரி மேல் பட்டால் கிழிக்கக்கூடிய கூர்முனை வெளியே இருக்கக்கூடாது. அதனால்தான் சோதனைக்குப் போகும் கார்களில் போல்ட்டுத் தலைகள் எல்லாம் பிளாஸ்டிக் தொப்பி போட்டிருக்கும். சொந்தமாகக் கட்டும் உரிமையை அரசு பறிக்கவில்லை. பொறுப்போடு கட்டச் சொன்னது.

கட்டி முடித்தால் வேலை முடிந்ததா?

பழக்கம் இல்லாதவர் ஒரு கேட்டர்ஹாம் கிட்டைப் பூட்டச் சுமார் நூறு மணி நேரம் ஆகும். பராமரிப்பு அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. முதல் சில நூறு மைல் ஓடியதும் எல்லா போல்ட்டையும் டார்க் ரெஞ்ச் வைத்து மறுபடி முறுக்கிப் பார்ப்பது எழுதாத சட்டம். இறுக்கிய நட்டின் மேல் பெயின்ட்டால் சின்னக் கோடு ஒன்று இழுத்துவிடுவார்கள். அடுத்த முறை கோடு விலகியிருந்தால் நட்டு தளர்கிறது என்று அர்த்தம். குனிந்து ஒரு பார்வை பார்த்தாலே போதும்.

எடை குறைந்த காரில் எஞ்சின் அதிர்வு அப்படியே உடலுக்கு வருவதால் தளர்வு இயல்புதான். இரும்புக் குழாயும் அலுமினியத் தகடும் சேரும் இடத்தில் ஈரம் புகுந்தால் அரிப்பு தொடங்கும். குளிர்காலத்தில் பனி உறையாமல் இருக்க அங்கே சாலையில் உப்புத் தூவுவார்கள். அது இந்தக் கார்களுக்கு எமன். அதனால் பலர் குளிர்காலம் முழுக்க வண்டியைக் கொட்டகையில் நிறுத்தி, பேட்டரியை மெதுவாக ஏற்றும் சார்ஜரில் போட்டுவிட்டு, அந்த மாதங்களில் பிரேக் ஆயில், தாங்கு புஷ்கள், வயரிங் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள்.

கூட்டமாகப் போவது

வசந்தம் வந்ததும் கூட்டுப் பயணம் தொடங்கும். லோட்டஸ் செவன் கிளப்புக்கு பிரிட்டன் முழுக்க வட்டாரக் குழுக்கள் உண்டு. 'லோ ஃபிளையிங்', அதாவது தாழப் பறத்தல், என்ற பெயரில் ஒரு பத்திரிகையும் நடத்துகிறார்கள். தரையை ஒட்டி உட்கார்ந்து ஓட்டுபவர்களுக்குப் பொருத்தமான பெயர்தான். கூட்டுப் பயணத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் செல்லப்பெயர் 'பிளாட்'; எஞ்சின் சத்தத்திலிருந்து வந்த சொல். யார்க்‌ஷயர் மலைப்பாதைகளும் வேல்ஸின் வளைந்த சாலைகளும் அவர்களுக்குப் பிடித்தவை.

பத்துப் பதினைந்து கார் சேர்ந்து போகும்போது யாரும் வழி தவறாமல் இருக்க ஒரு எளிய ஏற்பாட்டைப் பல குழுக்கள் பின்பற்றுகின்றன. முன்னால் வழிகாட்டி ஒருவர், கடைசியில் ஒருவர். திருப்பம் வந்தால் இரண்டாவதாக வருபவர் ஓரம்கட்டி நின்று மற்றவர்களுக்குத் திசை காட்டுவார். கடைசிக் காருக்கு முன்னால் சேர்ந்துகொள்வார். இதனால் முன்னால் போகிறவரை விரட்டிப் பிடிக்க யாரும் வேகம் கூட்ட வேண்டியதில்லை. தன் கண்ணாடியில் பின்னால் வருபவர் தெரிகிறாரா என்று பார்ப்பது ஒவ்வொருவரின் பொறுப்பு. பெட்ரோல் டாங்க் சிறியது என்பதால் எங்கே நிரப்புவது என்று முதலிலேயே பேசி வைப்பார்கள். காரின் உயரம் ஒரு மீட்டரைச் சற்றே தாண்டும். லாரி ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. கூட்டமாகப் போவதில் அந்தப் பாதுகாப்பும் உண்டு.

உண்மையான பயன் தேநீருக்கு நிறுத்தும் இடத்தில்தான். வண்டி நின்றதும் மூக்குப் பகுதியைக் கழற்றி வைத்து நான்கு பேர் குனிந்து பார்ப்பார்கள். "உங்கள் ரேடியேட்டர் ஃபேன் சீக்கிரம் ஓடுகிறதே", "இந்தப் பிராக்கெட்டில் எனக்கும் விரிசல் வந்தது" என்று பேச்சு போகும். எந்தக் கையேட்டிலும் இல்லாத அறிவு இப்படித்தான் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகிறது. ஒருவர் இருபது ஆண்டில் பட்டுத் தெரிந்துகொண்டதைப் புதிதாக வந்தவர் ஒரு மத்தியானத்தில் தெரிந்துகொள்கிறார்.

இனி?

2023இல் கேட்டர்ஹாம் ஒரு மின்சார செவனை மாதிரிக்காகச் செய்து காட்டியது. பேட்டரி என்றாலே எடை. எடைக்கு எதிராகவே பிறந்த கார் இது. அந்தக் கணக்கு எப்படி முடியும் என்பது ஒரு கேள்வி. அதைவிடப் பெரிய கேள்வி, அதிக மின்னழுத்தம் ஓடும் காரை வீட்டுக் கொட்டகையில் ஒருவர் தானே பிரித்துப் பூட்ட முடியுமா என்பது. முடியாது என்றானால் போவது பெட்ரோல் வாசனை மட்டும் அல்ல. தன் பொருளைத் தானே சரிசெய்யத் தெரிந்தவர்களின் ஒரு வரிசையே அத்துடன் நின்றுவிடும். லோட்டஸ் கைவிட்டபோது இந்தக் காரைக் காப்பாற்றியவர்கள் அவர்களும் அவர்களுக்குக் கார் விற்ற ஒரு வியாபாரியும்தான். பெரிய நிறுவனம் எதுவும் அல்ல.

நம் குடியிருப்பிலும் பழைய ஸ்கூட்டரையோ அம்பாஸடரையோ தன் கையால் பிரித்துப் பூட்டியவர்கள் நிச்சயம் இருப்பார்கள். அந்த அனுபவத்தை ஒரு பக்கம் எழுதிச் சங்க அலுவலகத்தில் கொடுங்கள். பழைய படம் இருந்தால் இன்னும் நல்லது. அடுத்த காலாண்டு இதழில் சேர்த்துக்கொள்வோம்.