ஊர் கூடாத 20 மாதங்கள்

சேர்வராயன் மலையில் நிலம் கைமாறிய கதையை எழுதுகிறவர்கள் காக்பர்னில்தான் தொடங்குவார்கள். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த அவர் காப்பியைக் கொண்டுவந்தார். புனக்காட்டில் சாமை விதைத்த எங்கள் மலையாளிப் பழங்குடி மக்களின் மேடுகள் பிறகு எஸ்டேட்டுகளாயின. எங்களை யாரும் கேட்கவில்லை. கேட்பதற்கென்று கிராமசபை என்ற ஒன்று சட்டத்தில் வந்ததே 1990களில்தான். அந்தச் சபை கொரோனாவில் நின்றுபோனதை, இந்த மலையின் மஞ்சக்குட்டையில் ஒரு துண்டுக் காப்பிக்காடு வைத்திருக்கும் நான் எழுதிவைக்கிறேன்.

உள்ளாட்சித் தேர்தல் மூன்று வருடம் நடக்காமல் கிடந்து, 2019 டிசம்பரில் நடந்தது. புதுத் தலைவர்கள் ஜனவரி 6 பதவியேற்றார்கள். ஜனவரி 26 கிராமசபையில் பெண்கள்தான் முதலில் எழுந்தார்கள். ஊற்றுக்கு மேலே சரிவை வெட்டி மனை போடுகிறார்கள், தண்ணீர் போய்விடும் என்றார்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதி, கையெழுத்தும் ரேகையும் வைத்தோம். மே 1 கூட்டத்தில் பதில் கேட்கலாம் என்று கலைந்தோம்.

மார்ச் 24 நள்ளிரவு நாடே அடைபட்டது. ஆறாம் நாள், மார்ச் 30 தேதியிட்டு, மலையிடங்களில் அனுமதி வாங்காமல் போட்ட மனைப்பிரிவுகளை வரன்முறைப்படுத்தும் அரசாணை வந்தது. எங்கள் ஏற்காட்டு மலைக் கிராமங்கள் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் கீழ் வருபவை. 1990இல் அந்தக் குழுமத்தை அமைத்ததே சரிவுகளைக் கண்டபடி வெட்டக்கூடாது என்றுதான். அந்த அரசாணை எங்களுக்கு என்ன செய்யும் என்று ஊர் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். ஏப்ரல் 20 பத்திரப்பதிவு அலுவலகங்கள் திறந்தன. மே 1 கிராமசபை இல்லை. ஆகஸ்ட் 15 இல்லை. அக்டோபர் 2 கூட்டத்தை முந்தின நாள் ரத்து செய்தார்கள். மறுபடி கூடியது 2021 அக்டோபர் 2 அன்று. இரண்டு கூட்டங்களுக்கு நடுவே ஆறு மாதத்துக்கு மேல் போகக்கூடாது என்கிறது 1994 ஊராட்சிகள் சட்டம். போனது 20 மாதம்.

நோய்க்காகக் கூட்டத்தை நிறுத்தியது தப்பு என்று சொல்ல மாட்டேன். எங்கள் பக்கமும் சாவு விழுந்தது. ஆனால் நிலத்தை விற்கவும் வாங்கவும் முகக்கவசத்தோடு வரிசையில் நிற்கலாம் என்றால், நிலத்தைப் பற்றிப் பேச பள்ளிக்கூட மைதானத்தில் தள்ளித் தள்ளி உட்கார்ந்திருக்கலாமே. டெல்லியிலும் 2020 கோடையில் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவுக்கு, வீட்டை விட்டு வெளியே வர முடியாத ஜனங்களிடம்தான் கருத்து கேட்டார்கள். அதை 22 மொழிகளில் கொடுங்கள் என்று உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. வன உரிமை மனுவுக்கோ கிராமசபைதான் முதல் படி. அதுவும் பாதிப் பேராவது வந்திருக்க வேண்டும், அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். போனில் நடத்துகிற காரியமா அது?

அந்த வருஷ ஐப்பசி மழையில் சரிவு மண் இறங்கி ஊற்றை மூடியது. சில்வர் ஓக் மரங்களின் வேர் வெளியே தெரிந்தது, அதில் ஏறிய மிளகுக்கொடி வாடியது. குடத்தின் வாயில் வேட்டித் துணியைக் கட்டி வடிகட்டினோம். துணியில் செம்மண் விரல்கனம் தங்கும்.

2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 என இரண்டு நாட்களைச் சேர்த்து வருஷத்துக்கு ஆறு கிராமசபை ஆக்கியது அரசு. நல்ல காரியம். விட்டுப்போன அந்த 20 மாதத்தில் எங்கள் ஊராட்சி எல்லைக்குள் எந்தெந்தப் புல எண்ணில் மனைப்பிரிவுக்கு மனு போனது, எதற்கு அனுமதி கிடைத்தது என்று சபையில் வாசிக்கச் சொல்லி நான் மனு எழுதியிருக்கிறேன். அடுத்த கூட்டத்தில் அதுவே முதல் பொருளாக வர வேண்டும்.