சேது கால்வாய்: யாரோட கேள்வி, யாரோட பதில்?

தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனைக்குப் போயிருக்கீங்களா? 1964 டிசம்பர் புயல்ல ஊரே அழிஞ்ச மணல் அது. அதுக்கு அந்தப் பக்கம், ராமர் பாலம்னு சொல்ற மணல் திட்டுகள் வழியா 12 மீட்டர் ஆழத்துக்குக் கப்பல் பாதை வெட்டினா என்ன ஆகும்?

2005 ஜூலை 2, மதுரையில பிரதமர் மன்மோகன் சிங் சேது சமுத்திரத் திட்டத்தைத் தொடங்கி வைக்கிறார். 167 கி.மீ., 2,427 கோடி ரூபாய். கப்பல்கள் இலங்கையைச் சுத்த வேண்டாம். கடற்படைக்கும் நம்ம கடல்லயே பாதை கிடைக்கும்னு சொன்னாங்க. நாட்டுப் பாதுகாப்புனு வந்துட்டா, எதிர்க்கேள்வி கேக்கவே பலரும் தயங்குவாங்க.

சுற்றுச்சூழல் ஆய்வு செஞ்சது நாக்பூர் 'நீரி'. செய்யச் சொன்னது திட்டப் பொறுப்புல இருந்த தூத்துக்குடி துறைமுகமே. நான் கோட் எழுதுறவன். எழுதினவரே ரிவ்யூ பண்றவரைத் தேர்ந்தெடுத்தா எனக்கு உறுத்தும். கால்வாய் சுனாமி அலையைக் கேரளா பக்கம் திருப்பலாம்னு எச்சரிச்சார் சுனாமி நிபுணர் டாட் மூர்த்தி.

2007 ஆகஸ்ட் 31. ராமர் பாலத்துக்குச் சேதம் வரக் கூடாதுனு உச்ச நீதிமன்றம் உத்தரவு போடுது. மத்த இடத்துல தோண்டத் தடை இல்லை. செப்டம்பர்ல தொல்லியல் துறையோட மனு பெரிய சர்ச்சையாகி, சில நாள்லயே வாபஸ். மாற்றுப் பாதையைப் பாருங்கனு நீதிமன்றம் சொன்ன பிறகு, 2008-ல ஆர்.கே. பச்சௌரி தலைமையில குழு அமைஞ்சது. அந்த மாற்றுப் பாதை பொருளாதாரத்துக்கும் சரிவராது, சூழலுக்கும் சரிவராதுனு குழு சொல்லிச்சு. 2013-ல மத்திய அரசு அதை ஏத்துக்கலை. பழைய பாதையிலயே போறோம்னு நீதிமன்றத்துல சொல்லிட்டாங்க. 2018-ல அடுத்த அரசு, பாலத்தைத் தொட மாட்டோம்னு சொல்லிச்சு.

நீதிபதிகள் மணலை ஆராயலை. அது அவங்க வேலையும் இல்லை. ஆனா ஆட்சியில இருக்கறவங்களைத் திரும்ப ஆய்வு செய்ய வெச்சாங்க. அந்த ஆய்வை ஏத்துக்கலைங்கறதையும் அரசு எழுத்துல தர வேண்டி வந்துச்சு. வழக்கு இல்லைனா அந்த அறிக்கை பீரோவுலயே கிடந்திருக்கும்னு நினைக்கிறேன்.

இருந்தாலும் ஒண்ணு என்னை விடலை. நீதிமன்றம் காத்தது பாலத்தை. மன்னார் வளைகுடாவோட 21 தீவும் பவளப்பாறையும் பாம்பன் மீனவரோட வலையும் அந்த நிழல்லதான் ஒதுங்கி நின்னுச்சு. அடுத்த தடவை ராமர் பாலம் இல்லாத ஒரு கடற்கரைக்கு இப்படி ஒரு திட்டம் வந்தா, அந்தக் கேள்வியை யார் கேப்பாங்க?