சிஎஸ்வி கோப்பு

அட்டவணைத் தரவை வெறும் எழுத்துகளாகச் சேமிக்கும் கோப்பு வடிவம் சிஎஸ்வி. ஒரு வரி ஒரு பதிவு. வரிக்குள் உள்ள புலங்களைக் காற்புள்ளி பிரிக்கிறது. பயனர் கணக்குகளையும் கடவுச்சொற்களையும் ஒரு மென்பொருளிலிருந்து எடுத்து இன்னொன்றில் ஏற்ற இன்றும் பெரிதும் பயன்படுவது இதுவே.

இதன் வேர் தனிக்கணினிக் காலத்துக்கு முந்தியது. துளை அட்டைகளில் ஒவ்வோர் எண்ணும் அதற்குரிய நெடுவரிசையிலேயே விழவேண்டும். ஓர் இடம் தள்ளினாலும் கணக்கு பிசகும். 1972இல் ஐபிஎம்மின் ஃபோர்ட்ரான் நிரல்பெயர்ப்பி காற்புள்ளியிட்ட உள்ளீட்டை ஏற்றபோது அந்தச் சிரமம் நீங்கியது. 1983இல் ஆஸ்போர்ன் எக்சிகியூட்டிவ் கணினியின் கையேடு, காற்புள்ளி உள்ள சொற்றொடரை மேற்கோள் குறிக்குள் அடைக்கும் முறையை விளக்கியது. ‘மதுரை, தமிழ்நாடு’ என்ற முகவரி இரண்டு புலங்களாக உடையாமல் காப்பது இந்த முறைதான். ஆர்எஃப்சி 4180 என்ற பொது விவரக்குறிப்பை யாகோவ் ஷஃப்ரனோவிச் எழுதியது 2005இல். அதற்குள் ஒவ்வொரு மென்பொருளும் தன் போக்கில் போயிருந்தது. தசமத்துக்குக் காற்புள்ளி இடும் ஜெர்மனியில் அரைப்புள்ளி பிரிப்பானாகிவிட்டது.

புலத்தில் இருப்பது எண்ணா, தேதியா, பெயரா என்று கோப்பு சொல்வதில்லை. இதன் பெருங்குறை இதுவே. திறக்கும் மென்பொருள் தானாக ஊகிக்கிறது. எக்செல்லில் நேரடியாகத் திறந்தால் தொலைபேசி எண்ணின் முன்னுள்ள பூஜ்யம் மறையும்; 16 இலக்க எண்ணின் கடைசி இலக்கம் பூஜ்யமாகும். மார்ச்1 என்ற மரபணுப் பெயர் தேதியாக மாறிக்கொண்டே இருந்ததால், 2020இல் அறிவியலாளர்கள் பெயரையே மாற்றவேண்டியதாயிற்று. யூடிஎஃப்-8இல் சேமித்த தமிழ்ப் பெயர்களும் சில வேளை லத்தீன் எழுத்துக் குப்பையாகத் தெரியும். கோப்பின் தொடக்கத்தில் மூன்று பைட் அடையாளக் குறி சேர்த்தால் சரியாகிவிடும்.

2020 இலையுதிர்காலத்தில் இங்கிலாந்தில் ஆய்வகங்கள் அனுப்பிய சிஎஸ்வி தரவு பழைய எக்செல் வடிவில் ஏற்றப்பட்டது. அதன் வரம்பு 65,536 வரிசைகள். மிஞ்சியவை விடுபட்டதில் 15,841 கொரோனா தொற்றுகள் உரிய நாளில் கணக்கில் சேரவில்லை. தொற்றாளருடன் பழகியவர்களைத் தேடும் பணியும் தாமதமாயிற்று. கோப்பை ஏற்றியதும் வரிசைகளை எண்ணிச் சரிபார்ப்பது இதனாலேயே தவிர்க்கக்கூடாத வேலை.

கடவுச்சொற்களின் நிலை இதைவிட ஆபத்தானது. குரோம் உலாவி ஏற்றுமதி செய்யும் கோப்பில் தள முகவரி, பயனர்பெயர், கடவுச்சொல் எல்லாம் மறையாக்கமின்றி அப்படியே கிடக்கும். பதிவிறக்கக் கோப்புறையைத் திறக்கும் எவரும் படிக்கலாம். ஏற்றி முடித்த கையோடு அதை அழித்துவிட வேண்டும். இதற்கு மாற்றாக, மறையாக்கத்துடன் கணக்குகளை மாற்றும் வரைவு விவரக்குறிப்பை, உள்நுழைவுத் தரங்களை வகுக்கும் ஃபைடோ கூட்டமைப்பு 2024 அக்டோபரில் வெளியிட்டது.